கொழுந்தில் பிறந்த ஒளி

தேயிலைக் கொழுந்துக்குள்ளே குருதிச் சிவப்பு ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவர்? பச்சையைத் தவிர வேறொரு நிறம் காணாத மலைச்சரிவுகளிலே பிறந்து வளர்ந்த நம் மாணவர்களும் முதலில் நம்புவதில்லை. ஆகவே, ஆண்டுதோறும் உயர்தர இரசாயன வகுப்பிலே அதனை நான் கண்கூடாகக் காட்டுவது வழக்கம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தில் ஒரு கைப்பிடி, சிறிது மதுசாரம், பணத்தாள்களைப் பரிசோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்று, இவை போதும். கொழுந்தை மதுசாரத்தில் நசுக்கி வடித்தால் பசிய நீர் கிடைக்கும். சன்னல்களை மூடிவிட்டு அந்தச் சிறு விளக்கை அதன்மேற் பிடித்தால், பசுமை மறைந்து போத்தல் முழுவதும் செக்கச்செவேலென ஒளிர்வதைக் காணலாம். அப்பொழுது வகுப்பில் எழும் வியப்பொலி ஆசிரியனுக்குக் கிடைக்கும் சன்மானம்.

சென்ற ஆண்டு அந்தச் சோதனை முடிந்து மாணவர் கலைந்தபின், ஒரு பையன் மாத்திரம் தயங்கி நின்றான். அவன் சட்டைப் பையிலே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. "சேர், தேயிலை புற்றுநோயைக் கொல்லும் என்று இதில் போட்டிருக்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டான். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஏன் கேட்கிறாய்?" என்றேன். "எங்கள் அம்மாயிக்கு வாயிலே புண் சேர். நாலு மாதமாகிறது. இதைப் படித்துவிட்டு மூன்று வேளையும் சாயத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கச் சொல்கிறார்கள்" என்றான்.

அந்தத் தாளில் இருந்த செய்தி பொய்யன்று. ஆனால், அதிலிருந்து அந்த வீட்டார் எடுத்துக்கொண்ட முடிவு முற்றிலும் பிழையானது. உண்மையான செய்தி ஒன்று எவ்வாறு பிழையான செயலுக்குக் காரணமாயிற்று? இதனை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மறைந்திருக்கும் நிறம்

முதலில் அந்தச் சிவப்பு ஒளியைப் பற்றிச் சொல்லவேண்டும். சில பொருள்கள் ஒரு நிறத்து ஒளியை உட்கொண்டு, உடனே வேறொரு நிறத்து ஒளியாக அதனை வெளிவிடுகின்றன. உட்கொண்ட சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிட்டு எஞ்சியதை ஒளியாகத் தருவதால், வெளிவரும் ஒளி சக்தி குறைந்த நிறத்தை உடையதாகும். ஊதா சென்று சிவப்பு வருவது இதனாலேதான். இதற்குப் புளோரொளிர்வு என்று பெயர்.

இலைகளின் பச்சையத்தில் இச்சிவப்பு ஒளி எழுவதை 1833ஆம் ஆண்டிலேயே இசுக்கொத்துலாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் குறித்து வைத்தார். 1852ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் என்பார் கொயினா கரைந்த நீரில் எழும் நீல ஒளியை ஆராய்ந்து, அதன் காரணத்தை விளக்கி, இன்று வழங்கும் பெயரையும் இட்டார். கொயினா என்றதும் நம் முதியோர் முகஞ்சுளிப்பர். மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிய அந்தக் கசப்பு அவர்கள் நாவைவிட்டு இன்னும் நீங்கவில்லை. அந்தக் கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்கென்றே 1861இல் நுவரெலியாவுக்கு அண்மையில் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை நட்டார். ஒளிரும் மருந்து தந்த மரமும் ஒளிரும் இலை தரும் செடியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தன என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

ஓர் எள்ளும் நாலு இலட்சம் புள்ளிகளும்

இனி, நனோ தொழினுட்பம் என்பது யாது என்று பார்ப்போம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். ஐந்து நனோமீற்றர் அகலமுள்ள புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மில்லிமீற்றர் நீளமான ஓர் எள்ளின் மேல் நாலு இலட்சம் புள்ளிகளை அவ்வாறு வைத்துவிடலாம்!

இத்துணைச் சிறிய உருவை எய்தும்போது சில பொருள்கள் தம் இயல்பையே மாற்றிக்கொள்கின்றன. ஒரே பொருளாலான துகள், தன் பருமனுக்கேற்ப வெவ்வேறு நிறங்களில் ஒளிர்கிறது. சிறியது நீலமாகவும் சற்றுப் பெரியது பச்சையாகவும் இன்னும் பெரியது சிவப்பாகவும் ஒளிவிடுகின்றது. வீணையின் தந்தி ஒன்றே. மேளத்தின் மேல் விரலை நகர்த்தி அதன் நீளத்தைக் குறைத்தால் சுருதி உயர்கிறதல்லவா? அதுபோல, துகளுக்குள் அடைபட்ட இலத்திரனுக்கு உலாவும் இடம் குறையக் குறைய, அது வெளிவிடும் ஒளியின் சக்தி உயர்கிறது. இத்துகள்களைக் குவாண்டம் புள்ளிகள் என்பர். 1981இல் கண்ணாடிக்குள் இதனைக் கண்டவர் அலெக்சி எக்கிமோவ். 1983இல் திரவத்தில் மிதக்கும் கட்மியம் சல்பைட்டுத் துகள்களிலே இதனைக் கண்டவர் லூயி புரூஸ். 1993இல் ஒரே சீரான பருமனில் இவற்றை ஆக்கும் முறையைத் தந்தவர் மௌஞ்சி பவெண்டி. இம்மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மருத்துவ ஆராய்ச்சியாளருக்கு இப்புள்ளிகளின்மேல் ஆசை எழுந்ததில் வியப்பில்லை. நோயுற்ற கலங்களுள் இவற்றைப் புகவிட்டால், இருட்டறையில் விளக்கேற்றினாற்போல அக்கலங்கள் தாமே ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். அங்கேயே அவற்றை அழிக்கவும் முடிந்தால் ஒரே பொருள் ஒற்றனும் போர்வீரனும் ஆகிவிடும். ஆனால் இடர் ஒன்றுண்டு. வழக்கமான முறையில் இப்புள்ளிகளை ஆக்குவதற்குச் செலவு மிகுதி. அதற்கு உதவும் இரசாயனங்களிற் பல நச்சுத்தன்மை உடையவை.

கொழுந்துச் சாறு செய்த வேலை

இந்த இடத்திலேதான் நமது தேயிலை கதைக்குள் வருகிறது. வேல்ஸ் நாட்டிலுள்ள சுவான்சிப் பல்கலைக்கழகத்தில் அக்காலத்திற் பணியாற்றிய சுதாகர் பிச்சைமுத்து என்ற தமிழர் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு இம்முயற்சியில் இறங்கிற்று. தமிழ்நாட்டுத் திருச்செங்கோட்டிலுள்ள கே. எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்தோரும், கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் அதிற் பங்குகொண்டனர். கவிதா சிவாஜி, பொன்னுசாமி பொன்முருகன் முதலியோரின் பெயர்களும் அவ்வாய்வுக் கட்டுரையில் இடம்பெற்றுள்ளன. அது 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அவர்கள் செய்ததைச் சொல்லக் கேட்டால், நம் வீட்டு அடுப்படி நினைவுக்கு வரும். தேயிலையின் சாற்றை எடுத்தனர். அதனோடு கட்மியம் சல்பேற்று, சோடியம் சல்பைட்டு ஆகிய இரு உப்புகளைச் சேர்த்துச் சில காலம் வைத்தனர். கட்மியமும் கந்தகமும் ஒன்றுகூடிக் கட்மியம் சல்பைட்டுத் துகள்கள் பிறந்தன. தேயிலைச் சாறு இல்லையேல் இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துப் படிவாகிவிடும். ஆனால், சாற்றிலுள்ள பொலிபீனோல் முதலிய பொருள்கள் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொண்டு, மேலும் வளரவிடாமல் தடுத்துவிட்டன. தேநீருக்குத் துவர்ப்பைத் தருபவை எவையோ அவையே இங்கே துகளுக்குக் கவசமாயின.

இவ்வாறு கிடைத்த குவாண்டம் புள்ளிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட நுரையீரற் புற்றுக் கலங்களின்மேல் இட்டுப் பார்த்தனர். கலங்களைப் படம் பிடிக்க இவை உதவும் என்பதே முதல் எதிர்பார்ப்பு. அவ்வாறே அவை நன்கு ஒளிர்ந்தன. ஆயின், அதனோடு நில்லாமல் அவை கலங்களுக்குள் ஊடுருவி, அவற்றில் 80 சதவீதம் வரை அழித்தும்விட்டன. ஒற்றனாக அனுப்பப்பட்டவன் போர்வீரனாகவும் தொழிற்பட்டான்! பையன் கொண்டுவந்த தாளிலே இருந்த செய்தி இதுதான்.

தட்டிலிருந்து கட்டில் வரை

இச்செய்தியைப் படித்து நான் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், பெருமை வேறு, மருந்து வேறு. 80 சதவீதம் என்ற அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். அது நோயாளிகளின் எண்ணிக்கையன்று. கண்ணாடித் தட்டில் வளர்ந்த கலங்களின் எண்ணிக்கை. தட்டிலுள்ள கலத்துக்கு ஈரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, ஓடும் குருதியும் இல்லை. மனித உடலிலோ இவையனைத்தும் உண்டு. கட்மியம் கொடிய உலோகம். ஜப்பானில் ஜின்சு ஆற்று நீரிற் கலந்த கட்மியத்தால் எலும்புகள் நொறுங்கிச் சிறுநீரகம் பழுதுற்று மக்கள் துடித்த நோய்க்கு அதுவே காரணம் என்று அந்நாட்டு அரசாங்கம் 1968இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே, கட்மியப் புள்ளிகள் உடலுக்குள் சென்றபின் என்னவாகும் என்ற கேள்விக்கு நன்கு விடை கண்டாலன்றி அவற்றை நோயாளிக்குக் கொடுக்க எந்த மருத்துவரும் துணியார்.

தட்டுக்கு அடுத்த படி விலங்குகளில் நடத்தும் சோதனை. அப்படியில் ஏறிய தேயிலை ஆராய்ச்சியும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கட்டேஷ் கட்டியும் அவர்தம் கூட்டாளிகளும் 2009ஆம் ஆண்டில், தேயிலைச் சாற்றையே கொண்டு பொன்னின் நனோ துகள்களை ஆக்கினர். பின்னர், தேயிலையிலுள்ள ஒரு கற்றக்கின் சேர்வையைக் கதிர்வீசும் பொன் துகள்களோடு பிணைத்து, மனிதப் புரஸ்தக் கழலை வளர்க்கப்பட்ட எலிகளின் கழலைக்குள் செலுத்தினர். சிகிச்சை பெறாத எலிகளோடு ஒப்பிடுகையில் 28 நாள்களில் கழலையின் பருமன் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்திருந்ததாக 2012இல் அறிவித்தனர். இது முன்னையதிலும் உயர்ந்த படி. எனினும், எலியும் மனிதனும் ஒன்றல்ல. அதற்கு அப்பால், மனிதரிலே சிறு தொகையினர், பெருந்தொகையினர் என்று படிப்படியாக நடத்தவேண்டிய சோதனைகள் இருக்கின்றன.

இப்படிகளைக் கடப்பது நடவாத காரியமா? அன்று. அதற்கு நம் நாட்டிலே பிறந்த ஒருவரின் வரலாறே சான்று. பிரசன்ன டி சில்வா என்பவர் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய காலத்தில், 1985ஆம் ஆண்டில், அமிலத்தன்மைக்கேற்ப ஒளிரும் புதுவகை மூலக்கூறுகளைப் பற்றி எழுதினார். பின்னர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதனை வளர்த்தெடுத்தார். குருதியிலுள்ள சோடியம், பொற்றாசியம் போன்றவற்றை ஒளியின் வாயிலாக அளந்து சொல்லும் மூலக்கூறுகள் அவ்வழியிற் பிறந்தன. அவற்றைக் கொண்ட சிறு கருவிகள் பல நாடுகளின் மருத்துவமனைகளிலே பயன்பட்டு, நெருக்கடி வேளையில் நோயாளியின் அருகிலேயே குருதியைச் சோதிக்க உதவின. ஆய்வுக்கூடத்து ஒளி நோயாளியின் கட்டிலருகே சென்றது உண்மை. அதற்கு நீண்டகால உழைப்பும் எண்ணிறந்த சோதனைகளும் தேவைப்பட்டன என்பதும் உண்மை.

கோப்பைத் தேநீரும் குவாண்டம் புள்ளியும்

இவற்றையெல்லாம் பையனுக்குச் சொல்லிவிட்டு, "இப்பொழுது நீயே சொல். கொப்பளிக்கும் சாயத்தில் குவாண்டம் புள்ளி இருக்கிறதா?" என்று கேட்டேன். அவன் தலையசைத்தான். ஆம், கோப்பையிலுள்ள தேநீர் வெறும் தேநீரே. அதிலுள்ள நல்ல பொருள்களிலும் மிகச் சிறு பகுதியே நாம் அருந்தும்போது குருதியைச் சென்றடைகிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவைப்பது நன்று. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானத்தை அருந்தினாலும் அது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஏதுவாதல் கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் அறிவித்துள்ளது. பெரட்டுக்கு நேரமாகிறதென்று கொதிக்கக் கொதிக்க விழுங்கும் நம் தாய்மார் சற்று ஆறவைத்து அருந்துவது நலம்.

வெற்றிலைப் பையும் சிறு விளக்கும்

அப்படியாயின், அந்த மூதாட்டிக்கு விஞ்ஞானம் தரக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு, அது இன்றே இருக்கிறது.

மலைநாட்டிலே கொழுந்துக் கூடையோடு கூடவே செல்வது வெற்றிலைப் பை. மழையிலும் குளிரிலும் மலையேறி நிற்கும் தொழிலாளிக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கும் பசியை மறக்கச் செய்யும் துணை. அதனைக் குறைகூறுவது எளிது. அந்தக் குளிரில் நின்று பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். ஆயினும், உண்மையைச் சொல்லாமல் இருக்க இயலாது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய் விளைவிப்பது என்பது முன்னரே தெளிவாகியிருந்தது. புகையிலை சேராவிடினும் பாக்கே அந்நோயை விளைவிக்கவல்லது என்று 2004ஆம் ஆண்டில் வெளியான அதே சர்வதேச நிறுவனத்தின் அறிக்கை உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முதன்மையானது. பெண்களும் ஆண்களுக்கு நிகராக வெற்றிலை போடும் தோட்டங்களிலே, அது ஆண்களின் நோயாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

ஆனால், இந்நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. நுரையீரலில் வரும் புற்றைப் போல இது மறைந்திருந்து தாக்குவதன்று. வாயைத் திறந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெற்றுப் போன்ற செந்நிறத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முன்போலத் திறக்கவியலாத இறுக்கம், காரம் பட்டால் பொறுக்கமுடியாத எரிவு; இவை கண்டால் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடவேண்டும். தொடக்கத்திலே கண்டால் சிறு அறுவையோடு தீர்ந்துவிடும். திட்டாக இருக்கும் நிலையிலேயே வெற்றிலையை விட்டால் புற்றாக மாறாமலே போவதும் உண்டு. பேராதனைப் பல் வைத்தியசாலையும் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையும் இதற்கு வேண்டிய சிகிச்சையை அளிக்கின்றன.

புளோரொளிர்வு இங்கும் உதவிக்கு வருகிறது. நீல ஒளியை வாய்க்குள் பாய்ச்சினால் நலமுள்ள தோல் தானாகவே மங்கிய பச்சையாக ஒளிரும். நோயுற்ற இடம் ஒளிராமல் கருமையாகத் தோன்றும். கொழுந்துச் சாற்றைச் சிவக்கச் செய்த அதே இயற்கை விதியே இங்கும் தொழிற்படுகிறது. இவ்விளக்கு வைத்தியரின் கண்ணுக்குத் துணைதான். சிறு துண்டு சதையை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த பின்னரே முடிவு சொல்லப்படும். எவ்விளக்கும் இல்லாவிடினும், சன்னலோரத்து வெயிலும் உற்றுநோக்கும் கண்ணும் பெரும்பாலும் போதுமானவை.

பின்னர் நடந்தது

"நாளைக்கே அம்மாயியை வைத்தியசாலைக்கு அழைத்துப் போ" என்று பையனிடம் சொன்னேன். ஒரு நாள் பேருக்குப் போகவில்லையென்றால் கூலி போகும் என்று வீட்டிலே தயங்கியிருக்கிறார்கள். ஆயினும், அவன் பிடிவாதமாக நின்று அந்த வாரத்திலேயே அழைத்துச் சென்றான். சோதனையிற் புற்றுநோய் என்றே தெரிந்தது. அறுவைச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் நடந்தன. இன்று அவர் உயிரோடிருக்கிறார். ஆனால், கஞ்சியைத் தவிர வேறொன்றும் விழுங்கச் சிரமப்படுகிறார். அவர் பேசுவதைப் பேரனே மற்றவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. "நாலு மாதம் முந்தி வந்திருந்தால் இவ்வளவு வெட்டவேண்டி வந்திராது என்று டொக்டர் சொன்னார் சேர்" என்று அவன் என்னிடம் கூறியபோது எனக்கு மறுமொழி வரவில்லை. அந்த நாலு மாதமும் என் வகுப்பின் முன்வரிசையிலே இருந்தவன் அவன். போத்தலைச் சிவக்கவைத்து வேடிக்கை காட்டிய நான், வாய்ப்புண்ணைப் பற்றி அவ்வகுப்பில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இப்பொழுது அச்சோதனையைக் காட்டும் நாளிலேயே அதனையும் சொல்லிவிடுகிறேன்.

1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலைச் சென் கூம்ஸ் தோட்டத்திலே இருக்கிறது. அதன் வாயிலைக் கடந்து கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளிற் பலர், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதுமில்லை. ஒன்றரை நூற்றாண்டாக நம்மவர் பறித்துக் கொடுத்த இலையை ஆராய்ந்து பிறர் எழுதுகின்றனர். அவர்களுள் தமிழரும் இருக்கின்றனர் என்பதைக் கண்டோம். லயத்திலே பிறந்த ஒரு பிள்ளையின் பெயரும் அத்தகைய ஆய்வுக் கட்டுரையிலே வரும் நாள் தொலைவில் இல்லை என்று நம்புகிறேன். அந்தப் பையன் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனத்தை ஊன்றிப் படிக்கிறான்.

அவனைப் போன்ற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே வெற்றிலை போடும் முதியோர் இருப்பின், இன்று ஞாயிறு. வேலைக்குப் போகும் அவசரமில்லை. அவர்களைத் திண்ணையில் வெளிச்சத்துக்கு முகங்காட்டி இருக்கச்செய்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாவின் ஓரம், நாவின் அடி ஆகிய இடங்களை மறவாமற் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ புண்ணோ தென்பட்டால், நாளைத் திங்கட்கிழமை அவர்களை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.